ஓடாத வண்டியின் சூடு

ஞாயிற்றுக்கிழமை துப்பறியும் நிலையத்துக்கு விடுமுறை. கதவில் தொங்கும் அட்டை அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் மேடம் எட்டு மணிக்கெல்லாம் மாடியிலிருந்து இறங்கி வந்து, மேஜையைத் துடைத்து, செய்தித்தாளை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் பொய்ப் புகார்களைப் பிடித்துக் கொடுத்தவர். கணவர் போய் நாலு வருடமாகிறது. மாடியில் இரண்டு அறை, கீழே ஒரு அறை, மூன்றிலும் அவர் ஒருவர்தான். வாரத்தில் ஆறு நாளை எப்படியாவது தள்ளிவிடலாம், இந்த ஏழாவது நாள்தான் நகரவே மாட்டேன் என்கிறது என்று அவருக்கு ஒரு குறை உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

எட்டரை மணிக்குப் பாக்கெட் வந்தான். அவருடைய ஒரே உதவியாள். நாற்பது வயது, சட்டையில் நாலு பை, நாலும் எப்போதும் பிதுங்கிக்கொண்டிருக்கும். பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

"குடையை நேத்து இங்கயே விட்டுட்டுப் போயிட்டேன் மேடம்."

"போன வாரமும் அதையேதான் சொன்ன."

"குடைக்கு இந்த ஆபீஸ் பிடிச்சுப் போச்சு. நான் என்ன பண்றது?"

ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்தானே தவிர, கிளம்பவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்து இரண்டு டீ போட்டான். அண்ணன் வீட்டில் அவனுக்கு ஒரு கட்டில் போட இடம் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் உறவுக்காரர்கள் வந்தால் அந்தக் கட்டிலிலும் நாலு பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.

டீ ஆறுவதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். எழுபதை நெருங்கிய ஒருவர் வாசலில் நின்றார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, வலது காலில் பேன்ட்டை இறுக்கிப் பிடித்த ஒரு கிளிப். உள்ளே வருவதற்கு முன்னால் கோணலாகத் தொங்கிய விடுமுறை அட்டையை நேராக்கிவிட்டு, எட்டி நின்று பார்த்துத் திருப்தியான பிறகுதான் வந்தார்.

"லீவு நாள்னு தெரியும். ஆனா எனக்கு இனிமே ஒரு நாள் தாங்காது. என்னை ஒருத்தர் ஏமாத்திட்டாரு. அவரைக் கண்டுபிடிச்சுத் தரணும்."

அச்சகத்தில் முப்பத்துநாலு வருடம் புரூஃப் ரீடராக இருந்தவராம். அடுத்தவர் பிழையைத் திருத்தியே ஓய்வு பெற்றாயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐந்தரை மாதத்துக்கு முன்னால், இன்னொருவர் ஓட்டிவிட்டு விற்ற, மோட்டார் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். பார்த்தால் பாட்டன் காலத்து வண்டி மாதிரி இருக்கும். பித்தளை விளக்கு, தோல் சீட்டு, ஸ்பிரிங் எல்லாம் உண்டு. உண்மையில் வண்டிக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. எவனோ ஆசைப்பட்டுப் பழசு போலச் செய்திருக்கிறான்.

"மெக்கானிக் யாரையாவது கூட்டிட்டுப் போய்ப் பார்த்து வாங்கினீங்களா?" என்றார் மேடம்.

இல்லை என்று தலையாட்டினார். சினிமா கொட்டகைக்கு எதிரில் ஒரு மரத்தடியில்தான் வியாபாரம் நடந்ததாம். விற்றவர் எஞ்சினைக் காட்டினார், செயினைக் காட்டினார், எண்ணெய் கலந்த பெட்ரோலைத்தான் ஊற்ற வேண்டும் என்று நாலு தடவை சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், மணி அடிக்குமா என்று.

"இத்தனை பேர் பார்க்க வந்தாங்க, இந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்கலன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்ப நம்பி வாங்கிட்டேன்."

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் வண்டி படுத்துவிட்டது. இவர் நூலகத்துக்குப் போக வண்டியை எடுப்பதே சனிக்கிழமைதான். போன் செய்தால் விற்றவர் வருவார், சரிசெய்வார், டீ குடிப்பார், போவார். இப்படி இருபது வாரம். கடைசி மூன்று வாரமாக வண்டியும் கிளம்பவில்லை, அவருடைய போனும் கிடைக்கவில்லை. வீடு எங்கே, பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. இருபது வாரம் பேசியதெல்லாம் வண்டியைப் பற்றித்தான்.

"தெருமுனை மெக்கானிக்கிட்டக் காட்டினா அஞ்சு நிமிஷ வேலையா இருக்குமே சார்," என்றான் பாக்கெட்.

"அவர்தான் வந்து பார்க்கணும்," என்றார் பெரியவர். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "வித்தவர் அவர்தானே. அவருக்குப் பொறுப்பு இல்லையா?"

மேடம் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க எப்படி வந்தீங்க?"

"பஸ்ல."

"சரி. நீங்க முன்னாடி போங்க. நாங்க பின்னாலயே வந்து வண்டியப் பார்க்கறோம்."

*

புரூஃப் ரீடரின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் தகரக் கூரை போட்ட சின்னத் தாழ்வாரம். அலமாரியில் புத்தகங்கள் உயர வரிசைப்படி நின்றன. தாழ்வாரத்தில் வண்டி. அதற்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்று பல வருடம் உட்கார்ந்து பள்ளம் விழுந்த பிரம்பு நாற்காலி. மற்றது கடையிலிருந்து வந்து அரை வருடம்கூட ஆகாத மடக்கு நாற்காலி. பாக்கெட் அதில் உட்காரப் போனான்.

"அதுல வேண்டாம் தம்பி. இதுல உட்காருங்க," என்று பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டார் பெரியவர்.

மேடத்துக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது வண்டியில் எங்கேயோ இருக்கும் என்பதுதான். பாக்கெட்டுக்கு அதுவும் சந்தேகம். ஆனால் பொய்ப் புகார்களோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு இரும்பு தெரிய வேண்டியதில்லை, இரும்பைத் தொட்ட ஆளைத் தெரிந்தால் போதும். அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். எஞ்சின்மேல் கையை வைத்தார். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒரு மிதி மிதிச்சுப் பார்க்கட்டுமா?" என்றான் பாக்கெட்.

"வேண்டாம் வேண்டாம், பழகாத கை," என்று பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

மேடம் மண்டிபோட்டு உட்கார்ந்தார். பெட்ரோல் டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாய் மெல்லிசாக, கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் நடுவே ஒரு சின்ன உருளைச் சக்கரம், நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றும்போது சொட்டைக் கூட்டிக் குறைப்பார்களே, அது. கைப்பிடியில் கட்டுப் போடும் பிளாஸ்திரி வரிவரியாகச் சுற்றியிருந்தது. எண்ணெய் அளக்க வைத்திருந்தது இருமல் மருந்தின் மூடி. வண்டியைத் தாங்கி நின்ற ஸ்டாண்டு, நுனியில் ரப்பர் செருப்புப் போட்ட ஒரு கட்டில் கால்.

"வித்தவரு டாக்டர்," என்றான் பாக்கெட். "ஆபரேஷன் பண்ணி ஓட விட்டிருக்காரு."

"டாக்டர் கட்டில் காலைக் கழட்டமாட்டார்," என்றார் மேடம். சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பேனர்களை ஒரு வெளுத்த துணியில் சுற்றி வைத்திருந்தது. பிரித்தார். ஓரத்தில் அழியாத மையில் சலவை முத்திரை. பெரிய ஆஸ்பத்திரியின் முத்திரை அது. அந்த ஊரில் ஒருமுறையாவது அங்கே படுத்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். மேடம் அதைக் கணவருடைய தலையணை உறையில் பதினாறு நாள் பார்த்திருந்தார். துணியைச் சீக்கிரம் மடித்து வைத்துவிட்டார்.

"வண்டி என்னிக்கு என்ன ஆச்சுன்னு ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

எழுதி வைக்காமல் இருப்பாரா? பெரியவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். தேதி, மணி, நடந்தது என்று மூன்று பத்தி. எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருந்தது. மேடம் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். நடுவில் ஓர் இடத்துக்கு வந்ததும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார்.

"ஒண்ணு கவனிச்சேன். இருபது வாரத்துல ஒரு தடவைகூடப் பிரேக் பழுதாகல."

"அது... நல்ல பிரேக்," என்றார் பெரியவர்.

"இந்த நோட்டு என்கிட்ட இருக்கட்டும்."

*

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துருப்பிடித்த கட்டில்களும் சக்கர நாற்காலிகளும் குவிந்த ஒரு கொட்டகை இருந்தது. பூட்டியிருந்தது. அந்த வழியாக வந்த ஒரு சிஸ்டரிடம், கட்டில் ரிப்பேர் செய்கிறவர், சிரித்த முகம் என்று பாக்கெட் விசாரித்தான்.

"எங்க வீல் அண்ணனையா கேட்கறீங்க? ரிட்டயர் ஆகி ஒரு வருஷமாகுது, ஆனாலும் தினம் வந்து சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுட்டுத்தான் போவாரு. இப்ப மேல ஆறாம் வார்டுல இருக்காரு. வேலையா இல்ல, பேஷன்ட்டா."

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. பையன் தூர தேசத்தில். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஆறாம் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலில், காலில் எடை கட்டித் தொங்க, வீல் அண்ணன் படுத்திருந்தார். கட்டில் சக்கரத்தின் கிரீச்சைக் கேட்டதும் எண்ணெய் கொண்டுவரச் சொன்னதுதான் அட்மிட் ஆன அன்று அவர் பேசிய முதல் பேச்சாம்.

மேடம் வந்த காரியத்தைச் சொன்னார். வண்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் முகத்தில் இருந்த கொஞ்சச் சிரிப்பும் இறங்கிவிட்டது. தலைமாட்டு மேஜையின் அறையைக் கைகாட்டினார். உள்ளே போன் இருந்தது. உடையவில்லை. அணைத்து வைத்திருந்தது.

"நான்தாம்மா அணைச்சேன்," என்றார். "அந்த மனுஷன் மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல."

பாக்கெட் கட்டிலின் கால்மாட்டில் சாய்ந்து நின்றான்.

"முட்டி மடங்கல, அதனால வண்டிய வித்தேன். வித்த அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. வண்டிக்காகன்னு நெனச்சேன். அதுக்கில்ல. அந்த மரத்தடியில ஒரு மணி நேரம் ஒருத்தர் என்கிட்ட உட்கார்ந்து பேசினாரில்ல, அது." அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொடுக்கும்போதே பிளக் வயரைப் பாதிதான் சொருகியிருந்தேன். ஒரு தடவை கூப்பிடட்டுமேன்னு. கூப்பிட்டாரு. டீ கொடுத்தாரு. அவர் கிளாஸ் கழுவ உள்ள போனப்ப பெட்ரோல் டேப்பை மூடி வச்சேன். அடுத்த வாரம் ஏர் ஃபில்டர்ல ஒரு துணி. அதுக்கடுத்து கிளட்ச் கேபிள். ஆபத்தில்லாததா பார்த்துத்தான் செஞ்சேன். பிரேக்கத் தொடவே இல்ல."

"நாலு வாரம்," என்றார் மேடம்.

"நாலுதான். நாலாவது தடவை ரிப்பேருக்குப் போனப்ப எனக்கு உட்கார ஒரு புது நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாரு. வெட்கமாப் போச்சு. அத்தோட நிறுத்திட்டேன். ஆனா வண்டி நிறுத்தல. திரும்ப பிளக் வயர், திரும்ப டேப்பு, திரும்ப ஃபில்டர், திரும்ப கேபிள். நான் கெடுத்த அதே நாலு இடம், அதே வரிசையில, பதினாறு வாரம். என் கை பட்ட இடமெல்லாம் கெட்டுப் போச்சு. ஒண்ணும் தெரியாத ஒருத்தர் தலையில ஒரு பாழாப்போன வண்டியக் கட்டிட்டேன். இனிமே என்னால குனியவும் முடியாது, ஸ்பேனர் பிடிக்கவும் முடியாது. ரிப்பேருக்கு வராத ஆளு அவருக்கு எதுக்கும்மா?"

சொல்லிவிட்டுப் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

மேடம் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "ஒரு சந்தேகம். பழுது வந்தா என்ன பழுதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? மணி அடிக்குமான்னு கேட்டு வண்டி வாங்கின ஆளு."

"முதல் வாரம் எழுதியிருக்கறதப் படிங்க."

வீல் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒன்பது பத்து, வண்டி கிளம்பவில்லை, காரணம் தெரியவில்லை. ஒன்பது பதினைந்து, போன். ஒன்பது ஐம்பது, அவர் வந்தார், தொப்பி போன்ற ஒன்று கழன்றிருந்ததாகக் காட்டினார். மற்ற மூன்று வாரமும் அதே மாதிரிதான்.

"இப்ப அஞ்சாவது வாரம்."

ஒன்பது ஐந்து, பிளக் வயர் தளர்ந்துள்ளது. ஒன்பது பத்து, போன். ஒன்பது நாற்பத்தைந்து, அவர் வந்து அரை மணி நேரம் தேடி, பிளக் வயர் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

வீல் அண்ணன் இரண்டு தடவை படித்தார். அப்புறம் பக்கத்தைப் புரட்டினார். இன்னும் புரட்டினார்.

"நீங்க போய்க் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே அவர் காரணத்தை எழுதிட்டார்," என்றார் மேடம். "ஒரு வாரம் இல்ல, பதினாறு வாரம். முப்பத்துநாலு வருஷம் நடந்ததை நடந்தபடி சரிபார்த்த கை, நோட்டுல பொய் எழுத வரல. உங்ககிட்ட நாலு பழுது கத்துக்கிட்டார். அந்த நாலையும் வரிசை மாத்தாம செஞ்சார். எந்த எஞ்சினுக்கும் இவ்வளவு ஒழுங்கு கிடையாது. வண்டி நல்லாத்தான் இருக்கு. மூணு வாரமா ஓடாத வண்டின்னு சொன்னார், நான் தொட்டப்ப எஞ்சின் சுட்டுது. அதுலதான் என்னைப் பார்க்க வந்துட்டுத் திரும்பியிருக்கார். பஸ்ல வர்றவர் காலுக்குக் கிளிப் எதுக்கு?"

"அப்ப எதுக்கு அவர் உங்ககிட்ட வந்து புகார் சொல்லணும்?"

"ஏமாத்திட்டான்னு சொன்னா தேடித் தருவாங்க. பேச்சுத்துணைக்கு வந்த ஆளைக் காணோம்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அதைச் சொல்லிவிட்டு மேடம் கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார்.

வீல் அண்ணன் நோட்டை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வழிந்தது. இடுப்பு வலித்திருக்க வேண்டும், நடுநடுவே முகம் சுளித்தார், ஆனாலும் நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

"முதல் நாலு நான் செஞ்சது அவருக்குத் தெரிய வேண்டாம்மா," என்றார் கடைசியில். "இந்தப் பதினாறு எனக்குத் தெரியும்கறதும் தெரிய வேண்டாம்."

"ஆள் எங்கன்னு கேட்டார். அதுக்கு மட்டும் பதில் சொல்லிடறேன்."

*

அன்று மாலையே புரூஃப் ரீடரின் தாழ்வாரத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்கள். ஆறாம் வார்டு, ஜன்னல் ஓரம், இடுப்பு எலும்பு. பெரியவர், யாரும் உட்காராத அந்த மடக்கு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வலி அதிகமா இருக்கா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து, "வண்டியப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"கொண்டுவரச் சொன்னார். சனிக்கிழமை காலையில ஜன்னலுக்குக் கீழ நிறுத்தினா, மேல இருந்தே பார்த்துச் சொல்றாராம்."

"ஓடலையே, எப்படிக் கொண்டுவர்றது?"

"தள்ளிக்கிட்டுத்தான் வரணும்," என்றார் மேடம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். பாக்கெட் அவசரமாகக் கூரைத் தகரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

பெரியவர் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை, திங்களிலிருந்து தினமும் பார்வையாளர் நேரத்துக்குப் பழத்தோடு போய் உட்கார்ந்தார் என்று சிஸ்டர் பின்னால் சொன்னார். ஆனால் சனிக்கிழமை வேறு கணக்கு. அன்று மேடமும் பாக்கெட்டும் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாக ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் படபடவென்று ஒரு சத்தம். பித்தளை விளக்கு வெயிலில் மின்ன, வண்டி குதிரை மாதிரி வந்தது. மருந்துக் கடை ஓரம் நின்றது. பெரியவர் இறங்கினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குனிந்து எதையோ ஒரு இழுப்பு இழுத்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க, ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னிக்கு பிளக் வயர் முறை," என்றான் பாக்கெட்.

மூன்றாம் மாடி ஜன்னலில் கட்டிலை நெருக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு கை வெளியே நீண்டது. "முதல்ல பெட்ரோல் டேப்பப் பாருங்க," என்று குரல் வந்தது. பெரியவர் டேப்பைப் பார்த்தார். அப்புறம் ஃபில்டர். அப்புறம் கேபிள். அப்புறம் செயின், டயர், விளக்கு, மணி. பிளக் வயருக்கு வந்துசேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். எஞ்சின் சத்தம் எழுந்தபோது மேலே ஒரே கைதட்டல்.

மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பாக்கெட் வேலையை முடித்து, நாலு பையையும் தட்டிப் பார்த்துக்கொண்டு, வரட்டுமா என்று கேட்டுவிட்டு வெளியே போனான். கதவைச் சாத்த எழுந்த மேடத்தின் கண் சுவரில் போய் நின்றது. ஆணியில் குடை தொங்கியது. அதைக் கையில் எடுத்தார். துணி மடிப்புக்குள் தூசி, கம்பியில் ஒரு சிலந்தி நூல். யோசித்துப் பார்த்தார். மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது.

இருபத்தெட்டு வருடம் ஊரார் பொய்யையெல்லாம் பிடித்தவர். சொந்த ஆணியில் வாராவாரம் தொங்கிய ஒன்றைப் பிடிக்க இவ்வளவு நாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாக்கெட் இன்னும் தெருவைத் தாண்டவில்லை. ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடுவான்.

மேடம் குடையை மறுபடியும் ஆணியில் மாட்டினார். பிறகு அடுப்படிக்குப் போய், நாளைக் காலைக்கு இரண்டு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.